படம், பட்டம் ஆன பிறகு: கம்பியில்லா மெக்கானிக்கல் கீபோர்டு எதை வாங்கலாம்?

போன வருடம் ஒரு மொழிபெயர்ப்பை முடித்து அனுப்பிய மூன்றாம் நாள் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. "சார், நாலாவது அத்தியாயத்துல அந்தப் பெரியவர் செவத்துல பட்டத்தை மாட்டுறார்னு இருக்கே, படத்தையா பட்டத்தையா?" படத்தைத்தான். நான் அடித்ததும் படத்தைத்தான். கோப்பைத் திறந்து தேடினால் 'வீடு' இருக்க வேண்டிய இடத்தில் 'வீட்டு', 'பாடு' இருக்க வேண்டிய இடத்தில் 'பாட்டு'. மொத்தம் பதினேழு இடங்கள். பிழைதிருத்தி ஒன்றையும் பிடிக்கவில்லை. தப்பாக விழுந்தவை எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள்.

கோளாறு கீபோர்டில் இருந்தது. நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவன். அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ட-வை இரண்டு தடவை தட்டினால் 'ட்ட'. ட இருப்பது ஆங்கில 'ஓ' விசையில். அந்த விசைக்கு அடியில் இருந்த சுவிட்ச் ஓர் அழுத்தத்தை அவ்வப்போது இரண்டாகப் பதிய ஆரம்பித்திருந்தது. இதை 'சாட்டரிங்' என்பார்கள். சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லிவினாடி நேரம் துள்ளும். அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடுவது கீபோர்டுக்குள் இருக்கும் சிப்பின் வேலை. தூசியோ ஈரமோ ஏறிவிட்டால் துள்ளல் நீண்டு, இன்னோர் அழுத்தமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு எழுத்து இரட்டித்தால் பெரும்பாலும் உடனே சிவப்புக் கோடு விழும். தமிழ்99-இல் பொருளே மாறிவிடும், கோடும் விழாது.

அது வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கம்பியில்லா மெக்கானிக்கல் கீபோர்டு. சுவிட்சுகள் அத்தனையும் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தவை. ஒன்றை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று வாங்கிய இடத்தில் கேட்டேன். முடியாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சில பத்து ரூபாய் பெறும் ஒரு சுவிட்சுக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருளை ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து, நண்பர்களுடைய கீபோர்டுகளை இரவல் வாங்கி அடித்துப் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். விளையாட்டுக்காக வாங்குகிறவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை. எழுதுவது, மெயில், கணக்கு என்று நாள் முழுக்கக் கணினி முன்னால் இருப்பவர்களை நினைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். "இதுல தமிழ் வருமா?" என்று கடையில் கேட்பவர்களை இன்றும் பார்க்கிறேன். எல்லாக் கீபோர்டிலும் வரும். கீபோர்டுக்கு மொழி தெரியாது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அது அனுப்புகிறது. அதை அ-வாகவும் க-வாகவும் மாற்றுவது கணினி. ஆகவே தமிழ் எழுத்து அச்சிட்ட கீகேப் (விசையின் மேல்மூடி) தேடி அலைய வேண்டாம். ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு எந்தக் கீபோர்டு தோதாக இருக்கும் என்பது வேறு கேள்வி. நான் படித்த ஆங்கில ஒப்பீடு எதிலும் அதற்குப் பதில் இல்லை.

மெக்கானிக்கல்தான் வேண்டுமா? சாதாரணக் கீபோர்டில் விசைக்கு அடியில் ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கும், கிட்டத்தட்ட அடிவரை அமுக்கினால்தான் எழுத்து பதியும். மெக்கானிக்கலில் விசைக்கு விசை தனி ஸ்பிரிங், தனி சுவிட்ச். வழக்கமான சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதி வழியில், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். 'மொழிபெயர்ப்பு' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ்99-இல் 12 அழுத்தங்கள். நாளைக்கு இரண்டாயிரம் சொல் எழுதினால் சாயங்காலம் விரல் நுனிக்கு அந்த வித்தியாசம் தெரியும். தினமும் நாலு மெயில் மட்டும் எழுதுகிறவருக்குத் தெரியாது. அவர் நல்ல சாதாரணக் கீபோர்டு ஒன்றை வாங்கி மிச்சப் பணத்தைச் சேமிக்கலாம்.

கம்பியில்லாமல் வேண்டுமா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கீபோர்டு ஒரே மேசையில், ஒரே கணினியோடு இருக்கப் போகிறது என்றால் கம்பியே மேல். விலையும் குறைவு, சார்ஜ் கவலையும் இல்லை. என் நிலைமை வேறு. என் மேசையில்தான் அச்சுப்படி திருத்துகிறேன், சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுதுவதும் அங்கேதான். கீபோர்டை எடுத்து அலமாரியில் வைத்தால்தான் காகிதம் பரப்ப இடம் கிடைக்கும். கம்பி இருந்தால் ஒவ்வொரு தடவையும் டம்ளரை இழுத்துக்கொண்டு வரும். வெளியூர் போனால் டேப்லெட்டில் வேலை. இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் கம்பியில்லாதது.

கம்பியில்லாமல் இணைய இரண்டு வழி உண்டு: புளூடூத், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்னத் துண்டு). புளூடூத்தும் அதே 2.4 அலைவரிசையில்தான் ஓடுகிறது என்றாலும் புழக்கத்தில் இரண்டும் வேறு வேறு. புளூடூத்தில் மூன்று கருவிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எஃப்என் விசையோடு ஓர் எண்ணை அழுத்தி மடிக்கணினி, டேப்லெட், போன் என்று தாவலாம். யுஎஸ்பி போர்ட் எதையும் அது அடைக்காது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் வரை பெரும்பாலும் புளூடூத் வேலை செய்யாது. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போக வேண்டும், அல்லது ஹார்டு டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கும் அலுவலக மடிக்கணினியில் தொடக்கத்திலேயே பின் எண் அடிக்க வேண்டும் என்றால், மடிக்கணினியின் சொந்தக் கீபோர்டைத்தான் நாட வேண்டும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் அந்த வசதியும் கிடையாது, பல டெஸ்க்டாப்களில் புளூடூத்தே இருக்காது.

அப்புறம் தூக்கம். பேட்டரியைக் காப்பாற்ற, சில நிமிடம் தொடாமல் விட்டால் கம்பியில்லாக் கீபோர்டு தூங்கிவிடும். ஒரு விசையைத் தொட்டால் எழும், ஆனால் புளூடூத்தில் மறுபடி கணினியோடு கைகோக்க ஓரிரு வினாடி ஆகலாம். அதற்குள் அடித்த எழுத்துகள் காணாமல் போகலாம். மூலத்தில் ஒரு பத்தியைப் பத்து நிமிடம் படித்து, யோசித்து, பிறகு எழுதத் தொடங்குவதுதான் மொழிபெயர்ப்பவரின் வேலை முறை. அதனால் ஒவ்வொரு பத்தியிலும் முதல் எழுத்துக்கு ஆபத்து. 'அவள்' என்று தொடங்கினால் திரையில் 'வள்' நிற்கும். எழுதுவதற்கு முன்னால் ஷிஃப்ட்டை ஒரு முறை தட்டி எழுப்பும் பழக்கம் எனக்கு வந்தது இப்படித்தான். டாங்கிளில் இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு, கணினி எழும்போதே கீபோர்டும் தயாராக இருக்கும்.

டாங்கிளுக்கும் குறை உண்டு. தொலைந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். பெரும்பாலானவை பழைய அகலமான யுஎஸ்பி முனையோடு வருகின்றன, டைப்-சி மட்டும் உள்ள மடிக்கணினிக்கு ஓர் அடாப்டர் வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய கருவியும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. பேக்கப் எடுக்க வெளி ஹார்டு டிஸ்கைச் செருகிய நேரங்களில் மட்டும் எழுத்துகள் விட்டுப்போவதையோ, விசையை விட்ட செய்தி போய்ச் சேராமல் ஒரே எழுத்து வரிசையாகக் கொட்டுவதையோ பார்த்தால் கீபோர்டைத் திட்ட வேண்டாம். டாங்கிளை ஓர் அடி நீள எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி டிஸ்கிலிருந்து தள்ளி வையுங்கள். எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

பாதுகாப்பும் பார்க்க வேண்டிய விஷயம். 2016-இல் அமெரிக்காவின் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம், மலிவான டாங்கிள் கீபோர்டுகள் பல அழுத்தங்களை மறையாக்கம் செய்யாமல் அப்படியே காற்றில் அனுப்புவதைக் காட்டியது. அந்த ஓட்டைக்கு 'கீஸ்னிஃபர்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு ரேடியோ கருவியோடு உட்கார்ந்திருப்பவர் நம் வங்கிப் பாஸ்வேர்டைப் படிக்கலாம் என்பது அதன் அர்த்தம். ஆகவே பெயர் தெரியாத நிறுவனத்தின் டாங்கிளில் பணம் சம்பந்தமான எதையும் அடிக்க எனக்கு மனம் வராது. அந்த வேலைக்குப் புளூடூத்தோ கம்பியோ போதும். மூன்று வழியும் ஒரே கீபோர்டில் இருப்பவற்றை 'ட்ரை-மோட்' என்று விற்கிறார்கள். இரண்டு வழி உள்ளதற்கும் மூன்று வழி உள்ளதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் யோசிக்காமல் மூன்றையே எடுங்கள்.

அளவு விஷயத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். எண் பலகையோடு முழு நீளம் என்றால் 104 விசை. எண் பலகையை வெட்டினால் 87, இதுதான் டிகேஎல். அதையும் நெருக்கி அடுக்கினால் 84 விசையை ஒட்டி வரும், 75 சதவீதம் என்பார்கள். அதற்குக் கீழே 68, 61. டேலியில் நாள் முழுக்க எண் அடிக்கிற கணக்காளருக்கு இங்கே தேர்வே இல்லை. 104-ஐ வாங்க வேண்டியதுதான். மற்றவர்களுக்கு எண் பலகை இல்லாமல் இருப்பது நல்லது, மவுஸ் வைக்கிற கை உடம்புக்கு அருகில் வரும், தோள்பட்டை வலி குறையும். 61 விசையில் அம்புக்குறி விசைகளுக்கே எஃப்என் சேர்த்து அடிக்க வேண்டும். எழுதியதைத் திருத்தித் திருத்தி எழுதுகிறவருக்கு அது சித்திரவதை.

ஆக, 75 சதவீதமா டிகேஎல்லா? பார்க்க அழகு 75 சதவீதம். இப்போது சந்தையில் அதிகம் வருவதும் அதுதான். நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரு வாரம் அடித்தேன். முதல் நாளே ஒரு வினோதம். 'ஜன்னல்' என்று அடிக்கும்போது கர்சர் மேல் வரிக்கு ஓடிப்போய், அங்கே நடுவில் ஓர் 'ஊ' விழுந்தது. 'ஹரி' அடித்தால் மேல் வரியில் ஓர் 'ஐ'. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ ஐந்தும் இடது கையின் மேல் வரிசையில் ஷிஃப்ட்டோடு இருக்கின்றன. முறையாகத் தட்டச்சு கற்றவர் இடது கை எழுத்துக்கு வலது கையால்தான் ஷிஃப்ட் அழுத்துவார். 75 சதவீதக் கீபோர்டில் வலது ஷிஃப்ட்டைக் குறுக்கி, அதன் வலப்பக்கத்தில் மேல் அம்புக்குறியைச் செருகியிருப்பார்கள். என் சுண்டுவிரல் பழக்கப்படி ஷிஃப்ட்டின் வெளி முனைக்குப் போனது, அங்கே இருந்தது அம்புக்குறி. ஒரு வாரத்தில் கொஞ்சம் பழகியது, முழுதாகப் பழகவில்லை. டிகேஎல்லில் வலது ஷிஃப்ட் முழு நீளம், அம்புக்குறிகளும் தனியாகத் தள்ளி இருக்கும்.

பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திர முறையில் அடிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த முறையில் நிறைய எழுத்துகள் ஷிஃப்ட்டில்தான் இருக்கின்றன. என் அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். அந்த 75 சதவீதத்தைப் பத்து நிமிடம் அடித்துவிட்டு, "தம்பி, இது கைக்கு அடங்கல, சந்துல நிக்கற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே சமயம், எல்லா எழுத்துக்கும் இடது ஷிஃப்ட்டையே பயன்படுத்துகிறவர்களும் ஆங்கில ஒலிப்புமுறையில் தமிழ் அடிக்கிறவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு 75 சதவீதம் ஒரு தொந்தரவும் தராது. எந்த விரலால் வலது ஷிஃப்ட்டை அழுத்துகிறோம், அதில் எந்த இடத்தில் அழுத்துகிறோம் என்று இன்றைக்கே உங்கள் கையைக் கவனித்துப் பாருங்கள். தேர்வு பாதி முடிந்துவிடும்.

சுவிட்சைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் வைத்த நிறப்பெயர்களைத்தான் கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்களும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், செர்ரியில் அதற்கு 45 சென்டிநியூட்டன் போதும், அதாவது விரல் மீது ஏறக்குறைய 46 கிராம் எடை. பழுப்பில் நடுவழியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், 55 சென்டிநியூட்டன். நீலத்தில் மேட்டோடு 'டிக்' என்ற சத்தமும் வரும். வீட்டில் யாராவது தூங்குகிற நேரத்தில் வேலை செய்கிறவர் நீலத்தை நினைக்கவே வேண்டாம், கதவைத் தாண்டிக் கேட்கும். இன்ஸ்டிடியூட்டில் கற்று அழுத்தி அடிக்கிற கைகளுக்குப் பழுப்பு பொருந்துகிறது, மேடு தட்டியதும் கை நிற்கக் கற்றுக்கொள்ளும். மென்மையாக அடிப்பவருக்குச் சிவப்பு. எனக்குச் சிவப்பில் விரல் சும்மா பட்டாலே எழுத்து விழுந்ததால் பழுப்பை எடுத்தேன். இதில் சரி தப்பு இல்லை, கை எப்படியோ அப்படி.

இதில் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் திருத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, ஹாட்-ஸ்வாப். சுவிட்சைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள், கழற்றி வேறு மாட்டலாம். என் பழைய கீபோர்டில் இது இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பெட்டியோடு வரும் கம்பி இடுக்கியால் கீகேப்பை நேராக மேலே இழுக்க வேண்டும். பிறகு சுவிட்சின் மேலும் கீழும் இருக்கும் இரண்டு கொக்கிகளையும் உள்பக்கமாக அமுக்கிப் பிடித்துத் தூக்கினால் பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் செப்பு நிறத்தில் இரண்டு மெல்லிய கால்கள் தெரியும். புதியதை வைக்கும்போது அந்தக் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கோணாமல் அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அவசரப்பட்டால் ஒரு கால் மடங்கிக்கொள்ளும், விசை செத்ததுபோல் இருக்கும். இடுக்கியால் நிமிர்த்தி மறுபடி வைக்கலாம். வாங்கும்போது இன்னும் ஒன்று பார்க்க வேண்டும்: அந்த இரண்டு உலோகக் கால்களோடு பிளாஸ்டிக் கால்களையும் சேர்த்து எண்ணினால் சில சுவிட்சுக்கு மூன்று கால், சிலவற்றுக்கு ஐந்து. ஐந்து கால் ஏற்கும் சாக்கெட்டில் இரண்டும் போகும், மூன்று கால் சாக்கெட்டில் ஐந்து கால் சுவிட்ச் போகாது.

உயரத்தைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சாதாரண மெக்கானிக்கல் கீபோர்டின் முன்விளிம்பே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். மடிக்கணினியில் பழகிய மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி, ஒரு வாரத்தில் வலிக்கும். கைதாங்கி வேண்டும். கடையில் விற்பதை வாங்காமல் தெருமுனைத் தச்சரிடம் மிச்சமான தேக்குத் துண்டு ஒன்றைக் கேட்டு, முன்விளிம்பைச் சாய்வாக இழைத்து வாங்கினேன். இன்றைக்கும் அதுதான். கைதாங்கி தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பவருக்கு 'லோ புரொஃபைல்' எனப்படும் தட்டையான வகை இருக்கிறது. அதன் சுவிட்ச் வேறு, சாதாரணச் சுவிட்சோடு ஒத்துப்போகாது. உதிரி கிடைப்பதும் அரிது.

கடைசியில் என் மேசைக்கு வந்தவை நான்கு.

கீக்ரான் கே2, இரண்டாம் பதிப்பு. பலருக்கு இதுதான் முதல் மெக்கானிக்கல் கீபோர்டு. 84 விசை, 4000 மில்லியாம்ப்-மணி பேட்டரி, பக்கவாட்டில் மேக்குக்கும் விண்டோஸுக்கும் மாற்ற ஒரு தள்ளு சுவிட்ச். கட்டமைப்பு உறுதி. ஆனால் புளூடூத்தும் கம்பியும் மட்டும்தான், டாங்கிள் கிடையாது. ஹாட்-ஸ்வாப் உள்ளதும் இல்லாததும் ஒரே பெயரில் விற்கிறது, விவரத்தைப் படிக்காமல் விலை குறைவானதை எடுத்தால் பற்றவைத்தது வந்துவிடும். மேக்கும் ஐபேடும் வைத்திருப்பவருக்குப் பொருத்தமான கீபோர்டு. மேக்கில் தமிழ்99 கூடவே வருவதால் அவர்களுக்கு வேறு மென்பொருளும் தேவையில்லை.

லாஜிடெக் எம்எக்ஸ் மெக்கானிக்கல் 2022-இல் வந்தது, தட்டையான வகை. எனக்குக் கைதாங்கி இல்லாமலே வசதியாக இருந்தது இது ஒன்றுதான். கை அருகில் வந்தால் விளக்கு தானாக எரியும். விளக்கோடு 15 நாள், விளக்கில்லாமல் 10 மாதம் வரை பேட்டரி நிற்கும் என்கிறது நிறுவனம். அதன் போல்ட் டாங்கிள் மறையாக்கத்தோடு வேலை செய்கிறது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்காத அளவுக்குப் பழுப்புச் சுவிட்சின் சத்தமும் குறைவு. இத்தனையும் இருந்தும் நான் எடுக்காததற்குக் காரணம், சுவிட்சைக் கழற்ற முடியாது. நான்கில் விலை அதிகமானதும் இதுவே. ஒரு விசை இரட்டிக்க ஆரம்பித்தால் மறுபடி பழைய கதைதான். உத்தரவாதக் காலம் முடிந்ததும் புதிது வாங்கக் கையில் பணம் இருப்பவர் தாராளமாக இதை எடுக்கலாம்.

ஆலா எஃப்75. பணத்துக்கு இவ்வளவு கொடுக்கிற கீபோர்டு நான் பார்த்ததில்லை. மூன்று வழி இணைப்பு, ஹாட்-ஸ்வாப், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு, 4000 பேட்டரி. அடிக்கும்போது வரும் ஓசை, மரப்பலகையில் சோழி விழுகிற மாதிரி அவ்வளவு இதமாக இருக்கிறது. என் பட்ஜெட்டில் பாதிதான் விலை. கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு வாங்கித் தருவதென்றால் இதைத்தான் தருவேன். எனக்கு ஆகாததற்கு ஒரே காரணம், மேலே சொன்ன அந்தக் குட்டையான வலது ஷிஃப்ட்.

நான் எடுத்தது கீக்ரான் கே8 மேக்ஸ், பழுப்புச் சுவிட்ச். 87 விசை, முழு நீள ஷிஃப்ட், மூன்று வழி இணைப்பு, ஹாட்-ஸ்வாப். எஃப்75-ஐவிடச் சுமார் இரண்டு மடங்கு விலை. எடையும் அதிகம், பையில் போட்டுத் தினமும் தூக்குகிறவர் வாங்கக் கூடாது. இதில் எனக்கு அதிகம் பயன்பட்டது விளம்பரத்தில் ஓரமாகப் போட்டிருந்த ஒன்று: வியா என்ற இலவசக் கருவியைக் கொண்டு எந்த விசைக்கும் எந்த வேலையும் கொடுக்கலாம். பிரவுசரில் திறந்து, கீபோர்டைக் கம்பியில் இணைத்து, கேப்ஸ் லாக் விசையை விண்டோஸ்-ஸ்பேஸ் சேர்க்கையாக மாற்றினேன். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற அதுவரை இரண்டு விரல் வேண்டியிருந்தது, இப்போது சுண்டுவிரல் ஒன்று போதும். கீபோர்டுக்குள்ளேயே பதிவாகிவிடுவதால் வேறு கணினியில் மாட்டினாலும் அப்படியே வேலை செய்கிறது. ஒரு வாக்கியத்தில் மூன்று தடவை மொழி மாறுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எதை வாங்கினாலும் செய்ய வேண்டியவை சில. பகலில் விளக்கை அணைத்து வையுங்கள், பேட்டரியில் பெரும்பங்கைத் தின்பது அதுதான். இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சில கீபோர்டுகள் சார்ஜ் ஏறாது, கெட்டுவிட்டது என்று நினைக்காமல் பெட்டியோடு வந்த கேபிளில் போட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு துண்டால் மூடுங்கள். நம் ஊர்த் தூசிக்கு அது போதும், முறுக்குத் துகளுக்கு வரும் எறும்பும் குறையும். டீ கொட்டினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக் கீபோர்டில் வயரைப் பிடுங்கினால் மின்சாரம் நின்றுவிடும். கம்பியில்லாததில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. முதலில் பக்கத்தில் இருக்கும் தள்ளு சுவிட்சை அணைப்புக்குத் தள்ளி, அப்புறம் கவிழ்த்து, ஹாட்-ஸ்வாப்பாக இருந்தால் நனைந்த சுவிட்சுகளைக் கழற்றி உலரவிட வேண்டும். துணி தேடி ஓடுகிற அந்த அரை நிமிடத்தில்தான் போர்டு போகும்.

எட்டு மாதம் கழித்து இந்தக் கீபோர்டிலும் ஒரு விசை இரட்டிக்க ஆரம்பித்தது. இந்த முறை ம. 'சமயம்' என்று அடித்தால் 'சம்மயம்'. நல்லவேளை, அது சொல்லே இல்லை என்பதால் பிழைதிருத்தி காட்டிவிட்டது. மேல் வலது மூலையில் இருக்கும் விசையை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அதன் சுவிட்சைப் பிடுங்கி ம-வுக்கு மாட்டினேன், ம-வின் சுவிட்சை அந்த மூலை விசைக்குக் கொடுத்தேன். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆனாலும் ஒவ்வோர் அத்தியாயத்தையும் அனுப்புவதற்கு முன்னால் 'பட்ட' என்று ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன். போன வாரம் அனுப்பியதில் ஒன்று அகப்பட்டது. திருத்தப் போய், மூலத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கதையில் பையன் மொட்டைமாடியில் நின்று விடுவது பட்டம்தான்.